நடையைப் படிக்கும் சென்சார்: பார்க்கின்சன் நோயாளிக்கு வீட்டிலேயே ஒரு கண்காணிப்பு

மொபைல் போனைப் பக்கவாட்டில் திருப்பினால் திரையில் உள்ள படமும் கூடவே திரும்புகிறது. காலையில் நடைப் பயிற்சிக்குப் போய் வந்தால் எத்தனை அடி நடந்தீர்கள் என்று அதே போன் கணக்குச் சொல்கிறது. இந்த இரண்டு வேலைகளிலும் முக்கியப் பங்கு வகிப்பது போனுக்குள் இருக்கும் ஆக்ஸலரோமீட்டர் என்ற சின்னஞ்சிறு சிப். இதே வகைச் சிப்பைப் பார்க்கின்சன் நோய் வந்தவர்களின் இடுப்பிலும் கணுக்காலிலும் கட்டி, அவர்கள் வீட்டுக்குள் எப்படி நடக்கிறார்கள், எந்த நேரத்தில் கால் நகராமல் நின்றுவிடுகிறார்கள் என்று கம்ப்யூட்டரைக் கண்டுபிடிக்க வைக்கிறார்கள். அது எப்படி நடக்கிறது, அதை எந்த அளவுக்கு நம்பலாம், உங்கள் கம்ப்யூட்டரிலேயே அதை எப்படிச் செய்து பார்க்கலாம் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சாப்ட்வேர் எழுதுகிறவன், டாக்டர் இல்லை. என் அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்கு 2016-ல் இந்த நோய் இருப்பது தெரிந்தது. அதனால்தான் இந்தத் துறையைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

நடை ஏன் கெடுகிறது?

லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் இந்த நோயைப் பற்றி விரிவாக எழுதினார். அவர் பெயரே நோய்க்கும் வந்துவிட்டது. தமிழில் நடுக்குவாதம் என்போம். மூளையின் ஒரு பகுதியில் டோபமைன் என்ற வேதிப்பொருளைத் தயாரிக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துவிடுகின்றன. நாம் நினைத்த அசைவு தடையில்லாமல் நடக்க இந்த டோபமைன் வேண்டும். அது குறைந்தால் கை நடுங்கும், உடல் விறைக்கும், எல்லா அசைவும் மெதுவாகும்.

நடுக்கம் எல்லார் கண்ணிலும் படும். ஆனால் நோய் முற்றும்போது ஆபத்தாக மாறுவது நடைதான். அடி சின்னதாகிவிடும். பாதத்தைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நடப்பார்கள். சிலருக்கு நடந்துகொண்டே இருக்கும்போது, பாதத்தைப் பசை போட்டுத் தரையில் ஒட்டியது போல, திடீரென்று கால் நின்றுவிடும். மேல் உடம்பு முன்னே போகும், கால் வராது. இதை நடை உறைதல் என்று சொல்லலாம். நடக்கத் தொடங்கும்போதும், திரும்பும்போதும், குறுகலான வாசற்படியைக் கடக்கும்போதும், பேசிக்கொண்டே நடக்கும்போதும் இது அதிகம் வரும். சில வினாடிகளில் தானாகவே சரியாகிவிடும். ஆனால் கீழே விழுவதற்கு அந்தச் சில வினாடிகளே போதும். தாத்தா இரண்டு வருடத்துக்கு முன் குளியலறை வாசலில் இப்படித்தான் விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

டாக்டர் பார்ப்பது சில நிமிடம்

இந்த நோயின் தீவிரத்தை அளக்க உலகம் முழுவதும் டாக்டர்கள் ஒரு மதிப்பெண் பட்டியல் வைத்திருக்கிறார்கள். இப்போது புழக்கத்தில் உள்ள பட்டியல் 2008-ல் திருத்தி வெளியிடப்பட்டது. நோயாளியைப் பத்து மீட்டராவது நடக்கவிட்டு, திரும்பி வரச் சொல்லி, நடைக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவார்கள். உறைதலுக்குத் தனி மதிப்பெண் உண்டு.

இதில் என்ன சிக்கல்? டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போது நோயாளி முழுக் கவனத்தையும் நடையில் வைப்பார். ஆஸ்பத்திரி வராந்தா அகலமானது, தரை சமமானது. அங்கே நன்றாக நடந்துவிடுவார். வீட்டில் சமையலறைக்குத் திரும்பும் மூலையில், கையில் காப்பி டம்ளரோடு நடக்கும்போது நின்றுவிடுவார். "இங்க வந்தா மட்டும் நல்லா நடக்கிறாரு டாக்டர்" என்று பாட்டி ஒவ்வொரு முறையும் சொல்வார். இது பல வீடுகளில் நடப்பதுதான்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. இந்த நோய்க்கு 1960களிலிருந்து கொடுக்கப்படும் முக்கிய மருந்து லெவோடோபா. உடம்புக்குள் போய் டோபமைனாக மாறும். மாத்திரை வேலை செய்யும் நேரத்தை ஆன் நேரம் என்றும், அதன் வேகம் குறைந்து நோய் தலைதூக்கும் நேரத்தை ஆஃப் நேரம் என்றும் சொல்வார்கள். வருடங்கள் போகப் போக ஒரு வேளை மாத்திரை தாங்கும் நேரம் குறைந்துகொண்டே வரும். எந்த மணிக்கு ஆஃப் வருகிறது என்று தெரிந்தால்தான் டாக்டரால் மாத்திரையின் அளவையும் நேரத்தையும் சரியாக அமைக்க முடியும். காலை பத்தரை மணிக்கு ஆஸ்பத்திரியில் ஆன் நிலையில் இருப்பவரைப் பார்த்து, மதியம் பன்னிரண்டு மணிக்கு வீட்டில் என்ன ஆகிறது என்று எப்படிச் சொல்வது? சென்சாரின் வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

சிப்புக்குள் என்ன இருக்கிறது?

ஆக்ஸலரோமீட்டர் என்பது வேக மாற்றத்தை அளக்கும் கருவி. சிலிக்கானில் செதுக்கிய மிகச் சிறிய ஒரு எடை, அதைவிட மெல்லிய ஸ்பிரிங்குகளில் தொங்கிக்கொண்டிருக்கும். சிப் அசைந்தால் எடை கொஞ்சம் பின்தங்கும். அந்த நகர்வை மின்சார அளவாக மாற்றி எண்ணாகக் கொடுத்துவிடும். மேல் கீழ், முன் பின், இடம் வலம் என்று மூன்று திசைக்கும் மூன்று எண்கள். கார்களில் ஏர்பேக்கை விரிய வைக்க வந்த இந்த வகைச் சிப், 2006-ல் நின்டென்டோ வீ விளையாட்டுக் கருவியிலும், 2007-ல் முதல் ஐபோனிலும் இடம்பிடித்தது. அதன் பிறகு விலை இறங்கி எல்லாப் போன்களுக்கும் வந்துவிட்டது.

இதற்குத் துணையாக வருவது ஜைரோஸ்கோப். இது திரும்பும் வேகத்தை அளக்கும். நோயாளி உடலைத் திருப்பி நடக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க இது உதவும்.

சென்சார் ஒரு வினாடிக்கு எத்தனை முறை அளவு எடுக்கிறது என்பதை ஹெர்ட்ஸ் என்ற அலகில் சொல்வார்கள். 64 ஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு 64 அளவுகள். மூன்று திசையில் ஒரு மணி நேரத்துக்கு 6,91,200 எண்கள் சேரும். இதை மனிதர் உட்கார்ந்து பார்க்க முடியாது. கம்ப்யூட்டர்தான் பார்க்க வேண்டும்.

உறைதலைக் கண்டுபிடிக்கும் கணக்கு

உறைந்து நிற்கும்போது கால் சும்மா இருப்பதில்லை. நகர முயன்று நின்ற இடத்திலேயே வேகமாக நடுங்கும். இதுதான் கம்ப்யூட்டருக்குக் கிடைத்த துப்பு. சாதாரணமாக நடக்கும்போது ஒவ்வொரு காலும் ஏறக்குறைய வினாடிக்கு ஒரு முறை வீசிப் போகிறது. அந்த அசைவின் பெரும்பகுதி 0.5 முதல் 3 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். உறைதலின்போது வரும் நடுக்கம் 3 முதல் 8 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும்.

ஸ்டீவன் மூர் என்பவரும் அவருடைய குழுவினரும் 2008-ல் இதை ஒரு எளிய வகுத்தலாக வெளியிட்டார்கள். சில வினாடி நேரத்துக்கான பதிவை எடுத்துக்கொள்ள வேண்டும். 3 முதல் 8 ஹெர்ட்ஸ் வரை உள்ள அசைவின் வலுவை, 0.5 முதல் 3 ஹெர்ட்ஸ் வரை உள்ள வலுவால் வகுக்க வேண்டும். விடை ஒரு எல்லையைத் தாண்டினால் கால் உறைந்திருக்கிறது என்று கொள்ளலாம். இதற்கு உறைதல் குறியீடு என்று பெயர்.

இதில் ஒரு வலை இருக்கிறது. நோயாளி சும்மா நின்றுகொண்டிருந்தால் மேலே உள்ள எண்ணும் மிகச் சிறியது, கீழே உள்ள எண்ணும் மிகச் சிறியது. சிறியதைச் சிறியதால் வகுத்தால் என்ன விடை வேண்டுமானாலும் வரும். வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருப்பவரை உறைந்துவிட்டார் என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். எனவே 2010-ல் மார்க் பெஷ்லின் முதலானவர்கள் வெளியிட்ட கருவியில், மொத்த அசைவே ஒரு அளவுக்குக் கீழே இருந்தால் அதை நிற்பது என்று ஒதுக்கிவிடும் நிபந்தனையையும் சேர்த்தார்கள்.

அந்தக் கருவியில் கணுக்காலுக்கு மேல், தொடையில், இடுப்பில் என்று மூன்று சென்சார்கள். இடுப்புப் பட்டையில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். உறைதலைக் கண்டுபிடித்தவுடன் ஹெட்போனில் டிக் டிக் என்று தாளம் கேட்கும். நோயாளி மறுபடி நடக்கும் வரை அது நிற்காது. தாளத்துக்கு ஏற்றாற்போல் அடி எடுத்து வைப்பது உறைதலிலிருந்து வெளியே வர உதவும் என்பது மருத்துவர்களுக்கு முன்பே தெரிந்த விஷயம்.

உங்கள் கம்ப்யூட்டரில் செய்து பாருங்கள்

அந்த ஆராய்ச்சியில் கிடைத்த பதிவுகளை, நோயாளிகளின் பெயர் இல்லாமல், எல்லாரும் பயன்படுத்த இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். பத்து நோயாளிகள், எட்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பதிவு, அதில் 237 உறைதல்கள். டாஃப்னெட் ஃப்ரீசிங் ஆஃப் கெய்ட் என்று ஆங்கிலத்தில் கூகுளில் தேடினால், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகம் நடத்தும் தரவுக் களஞ்சியத்தில் கிடைக்கும். ஜிப் ஃபைலாக டவுன்லோட் செய்து பிரித்துக்கொள்ளுங்கள். உள்ளே எஸ் 01 ஆர் 01 என்பது போன்ற பெயர்களில் டெக்ஸ்ட் ஃபைல்கள் இருக்கும். எஸ் என்பது நோயாளியின் எண். ஆர் என்பது பதிவின் எண். 4, 10 ஆகிய எண்களை உடைய நோயாளிகளுக்கு உறைதலே வரவில்லை. மற்ற எட்டுப் பேரில் ஒருவரின் ஃபைலை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. எக்செல் புரோகிராமைத் திறந்து, டேட்டா டேபில் ஃப்ரம் டெக்ஸ்ட் என்பதைக் கிளிக் செய்து அந்த ஃபைலைக் காட்டுங்கள். எண்களைப் பிரிக்கும் அடையாளம் எது என்று கேட்டால் ஸ்பேஸ் என்று தேர்ந்தெடுங்கள்.

2. பதினொரு பத்திகள் வரும். முதல் பத்தி நேரம், மில்லி வினாடியில். அடுத்த மூன்று கணுக்கால் சென்சார், அதற்கடுத்த மூன்று தொடை, அதன் பிறகு மூன்று இடுப்பு. கடைசிப் பத்தியில் 0 என்றால் சோதனையில் சேராத நேரம், 1 என்றால் உறைதல் இல்லை, 2 என்றால் உறைதல். வீடியோவைப் பார்த்து பிசியோதெரபிஸ்ட்டுகள் குறித்தவை இவை.

3. மூன்றாவது பத்தியில் இருப்பது கணுக்காலின் மேல் கீழ் அசைவு. கடைசிப் பத்தியில் ஃபில்டர் போட்டு, 2 என்று தொடர்ந்து 256 வரிகளாவது வரும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஃபில்டரை எடுத்துவிடுங்கள். வினாடிக்கு 64 வரி என்பதால் 256 வரி என்பது சரியாக நான்கு வினாடி. அந்த 256 வரிகளை லைன் சார்ட்டாகப் போடுங்கள். அடுத்து, 1 என்று இருக்கும் இடத்தில் நடந்துகொண்டிருக்கும் 256 வரிகளையும் அதேபோல் சார்ட்டாகப் போடுங்கள். நடையில் பெரிய அலைகள் ஒழுங்கான இடைவெளியில் வரும். உறைதலில் அலை சின்னதாகி, நெருக்கமாகி, பற்கள் போலத் தெரியும். இந்த வித்தியாசம் பல இடங்களில் கண்ணுக்கே தெரியும்.

4. இனி கணக்கு. ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் என்று போய், கீழே கோ என்ற பட்டனைக் கிளிக் செய்து, அனாலிசிஸ் டூல்பேக் என்பதற்கு டிக் போடுங்கள். இப்போது டேட்டா டேபில் டேட்டா அனாலிசிஸ் என்று புதிதாக ஒன்று வந்திருக்கும். அதில் ஃபூரியர் அனாலிசிஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து அந்த 256 எண்களைக் கொடுங்கள். கலவையாக இருக்கும் அசைவை, எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு என்று அது பிரித்துக் கொடுக்கும்.

5. விடைகளுக்கு அடுத்த பத்தியில் ஐஎம்ஏபிஎஸ் என்ற ஃபார்முலாவைப் போட்டு, வருவதை வர்க்கமாக்குங்கள். முதல் வரி 0 ஹெர்ட்ஸ். அதன் பிறகு ஒவ்வொரு வரிக்கும் 0.25 ஹெர்ட்ஸ் கூடும். ஆகவே 3-ம் வரி முதல் 12-ம் வரி வரை கூட்டினால் நடையின் வலு. 13-ம் வரி முதல் 33-ம் வரி வரை கூட்டினால் நடுக்கத்தின் வலு. இரண்டாவதை முதலாவதால் வகுத்துவிட்டால் உறைதல் குறியீடு தயார்.

நடந்த பகுதிக்கும் உறைந்த பகுதிக்கும் இதைச் செய்து இரண்டு விடைகளையும் ஒப்பிடுங்கள். வேறு சில இடங்களையும் எடுத்துச் செய்யுங்கள். எல்லா இடத்திலும் வித்தியாசம் ஒரே மாதிரி இருக்காது என்பதும் அப்போது தெரியும். ஆராய்ச்சியாளர்களுக்கு வந்த தலைவலியே இதுதான்.

ஏ.ஐ. எங்கே வருகிறது?

மேலே சொன்னதில் எல்லையை மனிதர் முடிவு செய்கிறார். செயற்கை நுண்ணறிவு என்னும் ஏ.ஐ. முறையில், அந்த வேலையைக் கம்ப்யூட்டரிடமே விட்டுவிடுகிறோம். இது நடை, இது உறைதல் என்று குறியிட்ட ஆயிரக்கணக்கான துண்டுகளைக் காட்டினால், எதை வைத்துப் பிரிக்கலாம் என்று புரோகிராம் தானே கற்றுக்கொள்ளும்.

2023-ல் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் அறக்கட்டளையின் ஆதரவில், காகிள் என்ற தளத்தில் இதற்காக ஒரு போட்டி நடந்தது. ஹாலிவுட் நடிகரான ஃபாக்ஸுக்கே இந்த நோய் இருக்கிறது. கீழ் முதுகில் கட்டிய ஒரே ஒரு சென்சாரின் பதிவைக் கொடுத்து, உறைதலைக் கண்டுபிடியுங்கள், அது நடக்கத் தொடங்கும்போது வந்ததா, திரும்பும்போது வந்ததா, நடந்துகொண்டிருக்கும்போது வந்ததா என்றும் சொல்லுங்கள் என்றார்கள். 83 நாடுகளிலிருந்து 1,379 குழுக்கள் கலந்துகொண்டன. முடிவுகள் 2024-ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்தன. வென்ற புரோகிராம்களை, நாள் முழுவதும் வீட்டில் எடுத்த பதிவுகளிலும் ஓட்டிப் பார்த்தபோது, உறைதல் வருவதில் அதுவரை யாரும் கவனிக்காத சில ஒழுங்குகள் தெரிந்தன. சில நிமிடச் சோதனையில் இது தெரிய வாய்ப்பே இல்லை.

இப்படிப்பட்ட செய்திகளில் 99 சதவீதம் சரி என்று யாராவது எழுதியிருந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த நோயாளியிடம் சோதித்தார்கள்? நான்கு வினாடித் துண்டுகளை அரை வினாடி நகர்த்தி நகர்த்தி வெட்டினால், பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றைக் கலைத்து, பாதியைக் கற்கவும் பாதியைச் சோதிக்கவும் கொடுத்தால், பரீட்சைக்கு முன்பே கேள்வித்தாளைக் காட்டியது போல. கற்றுக்கொண்டபோது பார்க்காத புதிய நோயாளியிடம் சோதிப்பதுதான் நியாயமான பரீட்சை. உங்கள் வீட்டுப் பெரியவரும் அந்தப் புரோகிராமுக்குப் புதியவர்தானே.

சதவீதத்தின் பொருள்

2010-ன் கருவிக்குத் திரும்புவோம். உறைந்திருந்த நேரத்தில் 73.1 சதவீதத்தைச் சரியாகப் பிடித்தது. உறையாமல் இருந்த நேரத்தில் 81.6 சதவீதத்தைச் சரியாக விட்டுவிட்டது. முதல் ஆராய்ச்சிக் கருவிக்கு இது நல்ல எண். ஆனால் வீட்டுக்குள் கொண்டுவந்து பாருங்கள். உறைதலே இல்லாத ஒரு மணி நேரத்தில் மீதி 18.4 சதவீதம் என்பது சுமார் 11 நிமிடம். பதினொரு நிமிடம் காரணமில்லாமல் காதில் தாளம் கேட்டால் யார் அதை மாட்டிக்கொள்வார்கள்? அடிக்கடி பொய்யாக அலறும் கருவியை மேஜை டிராயரில் போட்டுவிடுவார்கள். பொய் அலறலைக் குறைக்க எல்லையை ஏற்றினால், உண்மையான உறைதல் தப்பிவிடும். தப்பிய ஒன்றில்தான் ஒருவர் விழலாம்.

ஆளுக்குத் தகுந்தபடி எல்லையை மாற்றியபோது இந்த எண்கள் நன்றாகவே உயர்ந்தன. புதிய ஏ.ஐ. முறைகள் இன்னும் முன்னேறிவிட்டன. ஆனாலும் இந்த இழுபறி எந்தக் கருவியிலும் உண்டு. அந்த வினாடியில் எச்சரிக்க வேண்டிய கருவிக்குப் பொய் அலறல் பெரிய குறை. ஒரு வாரப் பதிவைச் சேர்த்து, எந்த மணியில் நடை மோசமாகிறது என்று சொல்லும் கருவிக்கு அவ்வளவு பெரிய குறை இல்லை. அங்கொன்றும் இங்கொன்றும் தவறினாலும் மொத்தப் போக்கு தெரிந்துவிடும். வீட்டுக் கண்காணிப்பில் இன்றைக்கு நம்பிப் பயன்படுத்தக்கூடியது இந்த இரண்டாவது வகைதான் என்பது என் கருத்து.

என்னென்ன கருவிகள் இருக்கின்றன?

பிகேஜி: ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் உருவான மணிக்கட்டுக் கருவி. சில நாள் தொடர்ந்து கட்டியிருக்க வேண்டும். அசைவு மெதுவாகும் நேரத்தையும், மருந்தால் உடல் தானாக நெளியும் நேரத்தையும் வரைபடமாக டாக்டருக்குக் கொடுக்கும். மாத்திரை நேரத்தையும் ஞாபகப்படுத்தும்.

ஸ்டாட்-ஆன்: ஸ்பெயினின் பார்சிலோனா பகுதியில் உருவானது. இடுப்பில் கட்டுவது. நடை உறைதலையும் ஆன், ஆஃப் நேரத்தையும் குறிக்கும்.

ஆப்பிள் வாட்ச்: ஸ்டிரைவ்-பிடி என்ற சாப்ட்வேருக்கு 2022-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. இது கணக்கிடுவது கை நடுக்கத்தையும் தானாக வரும் நெளிவையும். நடை உறைதலுக்கு வாங்கிய அனுமதி என்று நினைத்துவிடாதீர்கள்.

ஐபோன்: ஹெல்த் புரோகிராமில் மொபிலிட்டி என்ற பகுதியில் நடை வேகம், அடியின் நீளம், இரண்டு காலும் தரையில் இருக்கும் நேரம் ஆகியவை தானாகவே சேரும். 2021-ல் நடையின் நிதானத்தைச் சொல்லும் வசதியும் வந்தது. போன் இடுப்பருகே பாக்கெட்டில் இருந்தால்தான் இவை சேரும். இது பொதுவான விழும் அபாயத்துக்கான கணிப்பு. பார்க்கின்சனுக்கென்று செய்தது இல்லை.

எதையும் கட்டிக்கொள்ளாமலே செய்யும் வழியும் உண்டு. அமெரிக்காவின் எம்ஐடி-யில் தினா கதாபியின் குழு, சுவரில் மாட்டும் வைஃபை பெட்டி போன்ற ஒரு கருவியிலிருந்து ரேடியோ அலைகளை அனுப்பி, அவை மனிதர் மேல் பட்டுத் திரும்புவதை வைத்து வீட்டுக்குள் நடை வேகத்தை அளந்தது. 50 பேரிடம் நடந்த இந்த ஆய்வு 2022-ல் வெளியானது.

செலவில்லாமல் வீட்டில் தொடங்க

ஃபைஃபாக்ஸ் என்ற இலவச சாப்ட்வேரை ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகம் கொடுக்கிறது. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் உண்டு. அதில் ஆக்ஸலரேஷன் வித் ஜி என்பதைத் திறந்து, மெனுவில் டைம்டு ரன் என்பதில் நேரத்தைக் கொடுத்து, போனை இடுப்புப் பையில் இறுக்கமாக வையுங்கள். முடிந்ததும் எக்ஸ்போர்ட் டேட்டா மூலம் எக்செல் ஃபைலாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பிக்கொள்ளலாம். வினாடிக்கு எத்தனை அளவு என்பது போனுக்குப் போன் மாறும். நேரப் பத்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் அடிகளின் ஒழுங்கையும் நடை நிற்கும் இடத்தையும் பார்க்கலாம். நோயின் அளவை இதை வைத்து முடிவு செய்யக் கூடாது.

நாங்கள் தாத்தாவுக்கு இப்படிப் பத்து நாள் காலை வேளையில் பதிவு எடுத்தோம். அதே நேரத்தில் பாட்டி ஒரு நோட்டில் மாத்திரை போட்ட மணி, சாப்பிட்ட மணி, கால் நின்றுபோன மணி மூன்றையும் எழுதி வந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், காலை ஏழு மணி மாத்திரைக்குப் பிறகு பத்தரை வரை அடிகள் சீராக இருந்தன. பதினொரு மணிக்கு மேல் அடிக்கடி நின்றன. அடுத்த மாத்திரை பன்னிரண்டு மணிக்கு. குளியலுக்குப் போவது பதினொன்றரைக்கு. டாக்டர் என் வரைபடங்களை ஒரு பார்வை பார்த்தார். நோட்டைத்தான் நிதானமாகப் படித்தார். மாத்திரை நேரங்களை மாற்றி எழுதிக் கொடுத்தார். புரதம் அதிகமுள்ள சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் லெவோடோபா உடம்பில் சேர்வது குறையும் என்று சொல்லி, இடைவெளி விடச் சொன்னார். குளியலை நாங்களே ஒன்பது மணிக்கு மாற்றிவிட்டோம்.

நீங்கள் இதைச் செய்வதாக இருந்தால் சிலவற்றைக் கவனியுங்கள்.

- பதிவு எடுக்கும்போது பெரியவரைத் தனியாக நடக்கவிடாதீர்கள். வேண்டுமென்றே உறைதல் வரவழைத்துச் சோதிக்காதீர்கள்.

- எந்த எண் வந்தாலும் மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. அது டாக்டரின் வேலை.

- கால் நின்றுவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். நிதானமாக நிற்கச் சொல்லி, உடல் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றச் சொல்லுங்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணினாலோ, தரையில் ஒரு கோட்டைக் காட்டி அதைத் தாண்டச் சொன்னாலோ பலருக்கு அடி வரும். அடிக்கடி நிற்கும் இடத்தில் கலர் டேப்பைக் குறுக்கே கோடுகளாக ஒட்டி வைக்கலாம்.

- நடைப் பதிவும் மருத்துவத் தகவல்தான். முன்பின் தெரியாத தளங்களில் பெயரோடு ஏற்றாதீர்கள். நோயாளியிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகே போனைக் கட்டுங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் தன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்ற எண்ணம் யாருக்கும் சுகமாக இருக்காது.

- டாக்டரிடம் போகும்போது ஆயிரம் வரி எக்செல் ஃபைலைக் கொண்டுபோகாதீர்கள். ஒரே ஒரு தாளில் எந்த மணிக்கு மாத்திரை, எந்த மணிக்கு நடை நின்றது, எத்தனை முறை, எங்கே என்று எழுதிக் கொண்டுபோங்கள்.

ஏ.ஐ. என்றவுடன் நோயைக் கம்ப்யூட்டரே குணப்படுத்திவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இந்த நோயை முழுவதும் குணமாக்க இன்றும் மருந்து இல்லை. ஆனால் டாக்டர் பார்க்க முடியாத மணி நேரங்களை அவர் கண்முன் கொண்டுவந்து வைக்க இந்தச் சிப்பால் முடியும். உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ இந்த நோய் உள்ளவர் இருந்தால், இன்றைக்கே ஒரு நோட்டை எடுத்து மணி குறிக்க ஆரம்பியுங்கள். சென்சாரை அதற்குத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள்.